குடைத்தண்டுப் பென்சில்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் மலையிறங்கியதும் சகாயத்தின் வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒருத்தி கையில் கம்பி துருத்திய குடை, இன்னொருத்தி கையில் விசிலடிக்க மறந்துபோன குக்கர், ஒரு கிழவர் கையில் வார் அறுந்த செருப்பு. எஸ்டேட் லயத்தில் எந்த வீட்டில் எது உடைந்தாலும் அது மூணாறு கடைத்தெருவுக்குப் போகாது, நேரே சகாயத்திடம்தான் வரும். அவன் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். வாரம் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, ஓய்வு நாளிலும் ஸ்பேனரும் கையுமாகக் குந்தியிருப்பான். காசு வாங்கமாட்டான். ஒரு டீ போதும் என்பான். அந்த டீயைப் போட்டு நீட்ட வேண்டியவள் அவன் மனைவி செல்வப்பிரியா.

டீயில் சர்க்கரை சரியாகத்தான் இருக்கும். போட்டவள் முகத்தில்தான் கொஞ்சமும் இருக்காது.

இருக்கவும் எப்படி முடியும்? அவள் வீட்டுக் குக்கர் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. கதவுக் கொண்டி பாதி விழுந்தால் மீதி விழாது. குழாய் ராத்திரி முழுக்கச் சொட்டும். ஊருக்கெல்லாம் உழைக்கிற கை சொந்த வீட்டில் மட்டும் எதையும் தொடாது. குக்கரைக் காட்டி அவள் முகத்தைச் சுளித்தால், "புதுசு வாங்கிக்கலாம் பிரியா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு மதலேனம்மாளின் டார்ச்சைக் கழற்ற ஆரம்பித்துவிடுவான். சரி செய்து தாருங்கள் என்று வாய் திறந்து கேட்டிருக்கலாம்தானே என்று யாருக்கும் தோன்றும். செல்வப்பிரியாவுக்கு அது தோன்றாது. கட்டினவன் தானாகப் பார்த்துச் செய்யவேண்டும், கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் அவள் ஒருத்திதான் உறுப்பினர், ஆனாலும் அசையமாட்டாள்.

வெளியே மட்டும் அதைக் காட்டிக்கொள்ள மாட்டாள். கொழுந்து கிள்ளப் போகிற இடத்தில் மற்ற பெண்களின் பூட்ஸ் இரண்டாவது மழைக்கே வாயைப் பிளக்கும், குடை காற்றில் திரும்பிக்கொள்ளும். செல்வப்பிரியாவின் பூட்ஸுக்கும் குடைக்கும் ஒன்றும் ஆகாது. "நான் வாங்குறது நல்ல சரக்கு. ஒட்டும் வேண்டாம், தையலும் வேண்டாம்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லுவாள். அவளுக்கு அது ஒன்றுதான் ஆறுதல். புருஷன் கைபடாமலே தன் சாமான்கள் கம்பீரமாக நிற்கின்றன என்று ஒரு வீம்பு.

இந்த நெருப்பு இப்படியே கனன்று கொண்டிருந்திருக்கும். அதில் எண்ணெய் ஊற்றினவள் ஆன்மேரி.

ஆன்மேரி அந்த ஃபீல்டுக்கு சூப்பர்வைசர். கொழுந்தை நிறுத்து எடை குறிப்பது அவள் வேலை. அவள் புருஷன் அமிர்தநாதன் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் இருந்தான், மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். ஆன்மேரியிடம் எந்தப் பொருளும் லேசில் சாகாது. கரைந்து மெலிந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டி அதையும் தேய்த்துத் தீர்ப்பாள். கிழிந்த மழைக்கோட்டு அவள் வீட்டில் விறகுக்கு மூடியாகும், பிறகு கோழிக்கூட்டுக்குக் கூரையாகும். லயத்து ஆண்கள் இதைச் சொல்லிச் சொல்லித் தங்கள் பெண்டாட்டிகளைக் கடுப்பேற்றுவார்கள். சகாயம் சொல்லமாட்டான். ஆனால் ஆன்மேரி கொண்டுவரும் சாமானைக் கையில் வாங்கும்போது அவன் முகத்தில் ஒரு மரியாதை வரும். செல்வப்பிரியா அதைப் பார்த்திருக்கிறாள். அதுதான் வினை.

எடை குறிக்க ஆன்மேரிக்கு எஸ்டேட்டில் ஒரு செல்போன் கொடுத்திருந்தார்கள். கோடையில் அது சமர்த்தாக வேலை செய்யும். மழை வந்துவிட்டால் ஈர விரலைப் போன் மதிக்காது, எட்டைத் தொட்டால் ஐந்து விழும். அதனால் மழை மாதங்களில் நோட்டுதான், அதிலும் பென்சில்தான். பேனாவால் எழுதினால் மை ஊறிப்போகும், பால்பாயிண்ட் நனைந்த தாளில் வழுக்கும். பென்சில் ஒன்றுதான் எந்த மழையிலும் எழுதும். ஆன்மேரி ஷார்ப்னரைப் பக்கத்தில் சேர்க்கமாட்டாள், அது பென்சிலைத் தின்றுவிடும் என்பாள். பிளேடால் மெல்லச் சீவுவாள். எழுதும்போதே விரலுக்குள் உருட்டிக்கொண்டு எழுதுவாள், முனை ஒரே பக்கமாகத் தேயாது. அவள் கையில் ஒரு பென்சில் மழைக்காலத்தைத் தாண்டும்.

எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் பென்சில் குட்டையாகாமல் போகுமா? மழைக்குளிரில் விறைத்த விரல்களால் துண்டுப் பென்சிலைப் பிடிக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து, "அண்ணே, இன்னும் பாதி ஈயம் இருக்கு, தூக்கிப்போட மனசு வரல" என்று சகாயத்திடம் காட்டினாள். சகாயம் ஒரு செத்த குடையின் இரும்புத் தண்டில் ஒரு சாண் அறுத்தான். ஒரு முனையைக் கீறிப் பிளந்தான். பென்சில் துண்டை அதில் செருகி, மேலே ஒரு சிறு பித்தளை வளையத்தை மாட்டி முன்னால் தள்ளினான். தண்டு பென்சிலைக் கவ்விக்கொண்டது. ஆன்மேரி எழுதிப் பார்த்துச் சிரித்தாள். சகாயம் அதைத் திரும்ப வாங்கி, தொலைந்துவிடக்கூடாதே என்று, ஆணிமுனையால் தண்டில் 'ஆ' என்று கீறிக் கொடுத்தான்.

டீ டம்ளரோடு நின்ற செல்வப்பிரியாவுக்குக் காது மடல் சுட்டது. கட்டின நாளாக இந்த மனுஷன் எந்தப் பொருளிலாவது தன் பேரில் ஒரு எழுத்துக் கீறியிருக்கிறானா? மகள் டின்டு ஓடிவந்து, அப்பா எனக்கும் ஒண்ணு செஞ்சு தா என்று குதித்தாள். சகாயம் மனைவியைப் பார்த்தான். "நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் குட்டைப் பென்சில் எதுக்கு? ஒரு டப்பா புதுசா வாங்கித் தர்றேன்" என்று செல்வப்பிரியா அடித்துச் சொன்னாள். சகாயம் மிச்சத் தண்டைப் பெட்டிக்குள் போட்டான்.

அன்றிலிருந்து அந்தப் பென்சில் அவள் கண்ணுக்குள் விழுந்த தூசியாகிவிட்டது. காலை எடை, மத்தியான எடை, சாயங்கால எடை எதற்குப் போனாலும் ஆன்மேரியின் கையில் அது மினுக்கிக்கொண்டு நிற்கும். எழுதாத நேரத்தில் கொண்டையில் செருகிக்கொள்வாள், பூ வைத்த மாதிரி. அதுவரை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை செல்வப்பிரியா சூப்பர்வைசர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஈரத்துக்காக எடையில் கழித்தால் முன்பெல்லாம் முணுமுணுப்போடு விட்டுவிடுவாள், இப்போது நின்று சண்டை போட்டாள். தன் புருஷன் செய்து கொடுத்த பென்சிலாலேயே தன் கொழுந்தைக் கழித்து எழுதுகிறாளே என்று மனசு கொதித்தது.

சாரல் விடாமல் அடித்த ஒரு நாள். சாயங்கால எடை நடந்துகொண்டிருந்தது. வரிசையில் முன்னால் நின்ற மதலேனம்மாள் சேற்றில் வழுக்கிச் சாக்கோடு சாய்ந்துவிட்டாள். ஆன்மேரி பென்சிலை நோட்டுமேல் வைத்துவிட்டு அவளைத் தூக்க ஓடினாள். அடுத்த ஆள் செல்வப்பிரியா. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் பென்சில் கிடந்தது.

எடுத்துவிட்டாள். யோசித்து எடுத்தாள் என்று சொல்ல முடியாது, யோசித்திருந்தால் எடுத்திருக்கமாட்டாள். எடுத்தபிறகுதான் எங்கே ஒளிப்பது என்ற பயம் வந்தது. மழைக்கோட்டை அவிழ்க்க நேரமில்லை. அவளுடைய கொழுந்துச் சாக்கின் வாய்ப்பக்கம், உள்ளே, துணி இரட்டையாக மடிந்து ஒரு இடம் உண்டு. தூக்கித் தூக்கி மற்றவர்கள் சாக்கெல்லாம் அந்த இடத்தில்தான் கிழியும், அவள் சாக்கு கிழிந்ததில்லை. நல்ல சரக்கு என்று அதையும் அவள் பெருமையடித்ததுண்டு. தண்டை அந்த மடிப்புக்குள் செருகினாள். நிறுத்து முடிந்ததும் உருவிக்கொண்டுபோய்ப் பள்ளத்து ஓடையில் வீசிவிடலாம் என்று கணக்கு.

ஆன்மேரி திரும்பி வந்து பென்சிலைத் தேடினாள். நோட்டுக்கு அடியில், தராசுக்கு அடியில், தன் கொண்டையில். மழை வலுத்தது, டிராக்டர் ஓட்டுகிற சின்னமுத்து இருட்டிக்கிட்டு வருது என்று ஹார்ன் அடித்தான். யாரோ கொடுத்த பேனாவால் ஆன்மேரி எழுதப் பார்த்தாள், அது தாளைக் கிழித்தது. எடையை வாயால் சொல்லிக்கொண்டே மனசில் பதித்துக்கொண்டு, ஏத்துங்க ஏத்துங்க என்று அவசரப்படுத்தினாள். சுமைக்காரர்கள் செல்வப்பிரியாவின் சாக்கைத் தராசிலிருந்து அப்படியே தூக்கி டிராக்டரில் எறிந்தார்கள். இரு, என் சாக்கு என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? டிராக்டர் வளைவில் மறைந்தது.

லயத்துக்குத் திரும்பும்போது ஆன்மேரி மட்டும் தேயிலைச் செடிகளுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். "பிரியா, என் பென்சிலைப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"உங்க பென்சிலுக்கு நான் காவலா?" என்றாள் செல்வப்பிரியா.

சொன்னபோது இனித்தது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இனிப்பு போய்விட்டது. ஃபாக்டரியில் கொழுந்தோடு கொழுந்தாக அது எங்கேயாவது குப்பையில் விழுந்துவிடும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டாள். ஒரு காலத்தில் சகாயம் ராத்திரிச் சோற்றின்போது ஃபாக்டரி விஷயமெல்லாம் சொல்லுவான். இரும்புத்துண்டு ஏதாவது கொழுந்தில் வந்தால் வெட்டுமெஷினின் பல் போய்விடும், அதற்காகவே கொழுந்து ஓடுகிற பட்டைக்கு மேலே ஒரு பெரிய காந்தம் தொங்குகிறது என்றெல்லாம் சொன்னதுண்டு. அவள் அப்போது டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி முழுக்கத் தொட்டியில் வாடிய கொழுந்து காலையில் பட்டையில் ஏறியது. காந்தம் தண்டைப் பிடித்துக்கொண்டது. மெஷினை நிறுத்தினார்கள். போன மழைக்காலத்தில் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி ஒன்றின் துண்டு உள்ளே போய், மெஷின் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்ததிலிருந்து இந்த விஷயத்தில் யாரும் தயவு பார்ப்பதில்லை. தண்டில் 'ஆ' என்று வேறு கீறியிருந்தது. அசிஸ்டென்ட் மேனேஜர் ரிஜின் சார் ஆன்மேரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மலைமேல் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்களுக்குச் சின்னமுத்து வந்து சொன்னபிறகுதான் தெரிந்தது. ஆன்மேரியை சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்றான். செல்வப்பிரியாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். உண்மையைச் சொன்னால் அதுதான் வந்தது. நாளையிலிருந்து அவளும் நம்மைப்போலக் கூடையோடு நிற்பாள் என்று நினைத்தாள். அடுத்தபடியாக அவளுடைய இரண்டு பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள், கை கொழுந்தில் ஓடவில்லை. பக்கத்தில் யாரோ என்னடி உடம்புக்கு என்று கேட்டார்கள். தலைவலி என்று சொல்லிவைத்தாள்.

மத்தியானச் சோற்றுக்கு லயத்துக்கு இறங்கினால், மதலேனம்மாள் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் பூரிப்பு. விஷயம் இதுதான். ஆன்மேரியை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே சகாயம் உள்ளே போயிருக்கிறான். வளையம் லூசாகிவிட்டது, இறுக்கித் தரலாம் என்று அந்தப் பென்சிலை நான்தான் அவளுக்கே தெரியாமல் எடுத்து வந்தேன், தொட்டிப் பக்கம் கிரீஸ் போடும்போது சட்டைப் பையிலிருந்து விழுந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டானாம். ஆன்மேரியை விட்டுவிட்டார்கள். சகாயத்தை ஃபிட்டர் ரூமை விட்டே தூக்கிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து மருந்தடிக்கிற கூட்டத்தோடு மலையேற வேண்டும். "ஒரு பொம்பளையக் காப்பாத்த தன் வேலையவே குடுத்துட்டாரே, தங்கமான மனுஷன்" என்று மதலேனம்மாள் கண்ணைத் துடைத்தாள். அவள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். கத்தியால் குத்தியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

ஒரு பொம்பளைக்காக. அந்த வார்த்தையைச் சாயங்காலம் வரை செல்வப்பிரியா மென்றுகொண்டிருந்தாள். ஸ்பேனர் இல்லாத சகாயத்தை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மெஷின் சத்தத்தில் ஒரு பிசகு கேட்டால் சோற்றிலிருந்து எழுந்து ஓடுகிறவன். அந்த வேலையைத் தூக்கி ஒருத்தி காலடியில் போட்டிருக்கிறான். எனக்காக ஒரு குழாய் வாஷர் மாற்றாதவன். தான் செய்த களவு அவளுக்கு மறந்தேபோய்விட்டது. அவன் செய்த துரோகம் மட்டும் மலையாக நின்றது.

சகாயம் வந்ததும் கால் கழுவக்கூட விடவில்லை. டின்டுவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கொண்டி விழவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"அவளுக்காக வேலைய விட்டுட்டு வந்துட்டீங்க. இனி என்ன, அங்கயே போய் இருந்துக்கங்க. அவ வீட்டுலதான் எல்லாம் உங்க கையால சரியா இருக்கு" என்றாள்.

சகாயம் சட்டைப்பையைத் துழாவி எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தான். பென்சிலைக் கவ்விப்பிடித்த அந்தச் சின்ன வளையம்.

"காந்தத்துல தண்டு மட்டுந்தான் ஒட்டியிருந்துச்சு. வளையத்தைக் காணோம். மெஷினுக்குள்ள போயிருந்தா என்ன செய்யுறதுன்னு காலிச் சாக்கையெல்லாம் உதறிப் பாத்தேன்" என்றான். "உன் சாக்கு மடிப்புக்குள்ள இருந்துச்சு. அதுக்கப்புறந்தான் உள்ள போய் நான்னு சொன்னேன்."

செல்வப்பிரியா வளையத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. "என் சாக்குதான்னு என்ன நிச்சயம்? சாக்கெல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

"சாக்கு நம்பரைப் பாக்கவே வேண்டாம் பிரியா. மடிப்பு இருக்குற சாக்கு அது ஒண்ணுதான். அந்த மடிப்பு நான் தச்சது."

"நீங்க எப்பத் தச்சீங்க?"

"போன மழைக்கு முன்னாடி. வாய் கிழிய ஆரம்பிச்சிருந்துச்சு. உள்பக்கமா ஒட்டுத்துணி வெச்சுத் தச்சேன், வெளிய தெரியாம."

"எனக்குத் தெரிஞ்சா என்ன?"

சகாயம் அவளை நிமிர்ந்து பார்த்தான். "தூக்கிப் போட்டிருப்ப. கல்யாணமான புதுசுல உன் செருப்பைத் தச்சுக் குடுத்தேன். பள்ளத்துல வீசிட்டு, ஒட்டுப்போட்டதைப் போடுற குடும்பத்துல நான் பொறக்கலன்னு சொன்ன. எங்கம்மா அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

அவளுக்கு அந்தச் செருப்பு ஞாபகமில்லை. கொஞ்சம் நின்று தேடியதும் வந்தது. மயில்நீல வார். அன்றைக்கு அவள் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது அது. மூணாறில் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்து, அதை அப்படியே மறந்தும் போனாள். மறக்காமல் ஒருவன் இத்தனை வருஷம் சுமந்திருக்கிறான்.

அவன் கொல்லைப்பக்கம் கால் கழுவப் போய்விட்டான். செல்வப்பிரியா மூலையில் சாய்ந்திருந்த தன் குடையை எடுத்து விரித்தாள். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். இரண்டு கம்பிகள் வேறு நிறம், வேறு குடையினுடையவை. மூட்டுகளில் மெல்லிய செப்புக்கம்பி சுற்றியிருந்தது, துணி மறைக்கிற இடமாகப் பார்த்து. பூட்ஸை எடுத்து உள்ளே கைவிட்டாள். குதிகால் பக்கம் சைக்கிள் டியூப் துண்டு வழுவழுப்பாக ஒட்டியிருந்தது. மழைக்கோட்டின் அக்குளில் ஒரு தையல். சோற்றுத்தூக்கின் மூடியில், உள்பக்கம், பொட்டு அளவுக்கு ஒரு ஈயப்பற்று.

நல்ல சரக்கு என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவை அத்தனையும் அவன் கையால் நின்றவை. குக்கர் கைப்பிடியையும் கொண்டியையும் குழாயையும் மட்டும் விட்டிருக்கிறான். அவை அவள் கண்முன்னால் இருப்பவை, தொட்டால் தெரிந்துவிடும்.

தரையில் அந்தச் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். அழும்போதும் ஒரு ஓரத்தில் பொறாமை விடவில்லை. ஆன்மேரிக்கு எல்லாரும் பார்க்கச் செய்து கொடுத்தான், எனக்கு ஒளித்துச் செய்தான் என்று குமுறியது. ஒளிக்க வைத்தவள் நீதானே என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் அவள் கூடையை எடுக்கவில்லை. டிராக்டரில் திரும்பி வந்திருந்த தன் சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஃபாக்டரிக்கு நடந்தாள். சகாயம் தடுத்தான். விஷயம் முடிந்துபோச்சு, ஊர் சிரிக்கும், சொல்லாதே என்றான். ஊர் சிரிக்கட்டும், நீங்க மருந்து டப்பாவைத் தோள்ல சுமக்குறதை என்னால பாக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரிஜின் சாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவர் தமிழ் கேட்டால் புரிந்துகொள்வார், இந்த மாதிரிக் கதை கேட்டுப் பழக்கமில்லை. நேற்று ஒருத்தன் நான் என்றான், இன்றைக்கு நீ நான் என்கிறாய், நாளைக்கு யார் வருவார்கள் என்று சலித்துக்கொண்டார். செல்வப்பிரியா சாக்கின் வாயைத் திருப்பி மடிப்பைக் காட்டினாள். எதற்காக எடுத்தாய் என்று கேட்டார். அங்கே கிளார்க்குகள் இருந்தார்கள், ஃபாக்டரி ஆட்கள் ஜன்னலோரம் நின்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, பொறாமை சார் என்றாள். அவர் மலையாளத்தில் பக்கத்திலிருந்தவரிடம் என்னமோ கேட்டார். அசூயை என்று அந்த ஆள் சொன்னதும் ரிஜின் சார் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார்.

சகாயத்தை ஃபிட்டர் ரூமுக்கே திரும்ப அனுப்பினார்கள், பொய் சொன்னதற்காக ஒரு வார்னிங் கடிதத்தோடு. செல்வப்பிரியாவுக்கு ஒரு வாரம் வேலையில்லை, கூலியுமில்லை. லயத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது, போனதும் சிரிப்பு கேட்டது. மதலேனம்மாள் மட்டும் பேசினாள், அதுவும் நாலு வார்த்தை அதட்டிவிட்டு.

ஆன்மேரி பேசவேயில்லை. மழையில் வேறொரு துண்டுப் பென்சிலை மூன்று விரலால் கவ்விக்கொண்டு எடை எழுதுகிறாள், விரல் வெடித்துப்போச்சு என்று டின்டு பள்ளிக்கூடத்தில் அவள் பிள்ளைகளிடமிருந்து கேட்டு வந்து சொன்னாள். அந்தப் பழைய தண்டு ஃபாக்டரியிலேயே தங்கிவிட்டது.

அந்த ஒரு வாரமும் கழிந்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசலில் கூட்டம் சேர்வதற்கு முன்னால், செல்வப்பிரியா தன் குடையைக் கொண்டுவந்து சகாயத்தின் முன்னால் வைத்தாள். ஊரே கண்போட்ட அந்த நல்ல சரக்குக் குடை.

"இதோட தண்டை அறுத்து அவங்களுக்கு ஒண்ணு செய்ங்க" என்றாள்.

"நல்ல குடையாச்சே. அன்னைக்கு மிஞ்சின தண்டு பெட்டியிலயே கிடக்கு" என்றான் சகாயம்.

"அது டின்டுவுக்கு. இதை அறுங்க. எனக்கு வேற ஒரு ஓட்டைக் குடையைப் பாத்து ஒட்டுப்போட்டுக் குடுங்க. வெளிய தெரியிற மாதிரி போடுங்க."

சகாயம் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ரம்பத்தை எடுத்தான். தண்டு அறுபட்டது, முனை பிளந்தது, மேஜைமேல் கிடந்த அதே வளையம் ஏறியது. பழக்கதோஷத்தில் ஆணியை எடுத்தான்.

"பேரெல்லாம் கீற வேண்டாம்" என்றாள் செல்வப்பிரியா. "நானே கொண்டுபோய்க் குடுத்துக்கிறேன்." மனுஷி ஒரேயடியாகத் திருந்திவிட்டாள் என்று யாராவது நினைத்திருந்தால், அந்த நினைப்பு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மத்தியான எடைக்கு அவள் வரிசையில் நின்றபோது பேச்செல்லாம் நின்றுவிட்டது. எல்லாருடைய கண்ணும் அவள் சாக்கின்மேல் இருந்தது. அதை அவள் உள்ளே வெளியாகத் திருப்பியிருந்தாள். ஒட்டுத்துணி வெளியே தெரிந்தது, அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தையல்கள், சாக்கு நூலில், எறும்பு வரிசை போல. தராசில் சாக்கை ஏற்றிவிட்டு, மடியிலிருந்து தண்டை எடுத்து ஆன்மேரியிடம் நீட்டினாள்.

"அக்கா. எடுத்தது நான்தான். தப்பு."

ஆன்மேரி உடனே வாங்கவில்லை. மழை இருவர் முகத்திலும் அடித்தது. கடைசியில் வாங்கி, தன் துண்டுப் பென்சிலை அதில் செருகி, வளையத்தைத் தள்ளினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பழசுல பேரு இருந்துச்சு" என்றாள்.

"இதுல இல்ல" என்றாள் செல்வப்பிரியா.

ஆன்மேரி தராசைப் பார்த்தாள். ஈரத்துக்கு வழக்கத்தைவிடத் தாராளமாகவே கழித்தாள், ஒரு தயவும் காட்டவில்லை. எழுதி முடித்ததும் அவள் கண் சாக்கின் வாய்ப்பக்கம் போனது. கை தன்னையறியாமல் அந்தத் தையலைத் தடவிப் பார்த்தது. பொருளை மதிக்கத் தெரிந்த கை அது. அந்த முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனதை செல்வப்பிரியா கண்டாள். அவளுக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று அது.

"யாரு தச்சது? வெளிய வாங்கின தையல் மாதிரி இல்லையே" என்று கேட்டாள் ஆன்மேரி.

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் செல்வப்பிரியா, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படியாக.